பழைய புல்லட்டை அடகு வெச்சு கடன் வாங்கலாமா? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

எங்க பெரியப்பாகிட்ட ஒரு புல்லட் இருந்தது. 1974-ல் திருவொற்றியூர் ஃபேக்டரியில இருந்து வந்த 350. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அவரைத் தவிர வேற யாராலயும் அதை ஒரே உதையில் ஸ்டார்ட் பண்ண முடியாது. தெருமுனையில் சத்தம் கேட்டதுமே பெரியம்மா காபிக்கு அடுப்பைப் பத்த வெச்சிடுவாங்க.

2015-ல் அக்காவோட நர்சிங் காலேஜ் ஃபீஸுக்கு அவசரமா 60,000 ரூபாய் தேவைப்பட்டது. பெரியப்பா முதல்ல பேங்குக்குப் போனார். "41 வருஷப் பழைய வண்டிக்கு லோன் கிடையாது சார்"னு ஒரே வரியில் அனுப்பிட்டாங்க. அடுத்து, தெரிஞ்ச ஒரு ஃபைனான்ஸ்காரர்கிட்ட போனார். அவர் வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்து பார்த்தார், எஞ்சின் நம்பரைத் துடைச்சுப் பார்த்தார், உடனே பணத்தை எண்ணிக் கொடுத்துட்டார். நூத்துக்கு மூணு வட்டி. வண்டி அவரோட குடோன்ல நிக்கும். ஆர்.சி. புக் அவர்கிட்ட இருக்கும். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு"ன்னு நாலஞ்சு காகிதத்தில் கையெழுத்து.

ஒன்பது மாசம் ஒழுங்கா வட்டி கட்டினார். மாசம் 1,800 ரூபாய். அப்புறம் நெல்லுப் பணம் வரத் தாமதமாகி மூணு மாசம் விட்டுப்போச்சு. பதிமூணாவது மாசம் முழுப் பணத்தோட போனா, குடோன்ல வண்டி இல்லை. "வித்துக் கணக்கை முடிச்சாச்சு"ன்னு சொன்னாங்க. 1,40,000 ரூபாய்க்குப் போனதா பிறகு கேள்விப்பட்டோம்.

"மீதிப் பணம் எங்கே?"ன்னு கேட்டதுக்குக் கிடைச்ச பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வெச்சது. "என்ன மீதி? வண்டியை நீங்களே வித்ததா கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!"

கணக்கைப் பாருங்க. கையில் வாங்கினது 60,000. வட்டியா திருப்பிக் கொடுத்தது 16,200. ஆக, அந்த வண்டிக்காக அவருக்குக் கிடைச்சது 43,800 ரூபாய். நேரா 1,40,000-க்கு அவரே வித்திருந்தா 96,200 ரூபாய் கூடுதலா கையில் நின்னிருக்கும்.

இன்னிக்கு பழைய புல்லட், ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் ஆர்.டி. 350, அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு வீட்ல ஒரு பழைய வண்டி வெச்சிருக்கிற நிறைய பேருக்கு, அதோட விலை ஏறியிருக்கிறது தெரியும். "இதை வெச்சு ஒரு லோன் வாங்கலாமே"ங்கிற எண்ணம் வர்றது இயல்புதான். வாங்கலாமா, வாங்கினா எப்படி வாங்கணும், எதில் சிக்கக் கூடாது? ஒவ்வொண்ணா பார்ப்போம்.

பேங்க் ஏன் வேண்டாம்னு சொல்லுது?

பேங்கைப் பொறுத்தவரை வண்டிங்கிறது வருஷா வருஷம் மதிப்பு குறையற பொருள். பழைய கார் லோன் கொடுக்கிற பெரும்பாலான பேங்குகளும் என்.பி.எஃப்.சி.களும் ஒரு வயசு வரம்பு வெச்சிருக்காங்க. கடன் முடியற நாளில் வண்டிக்கு ஏறக்குறைய பத்து வயசு தாண்டக் கூடாதுங்கிற மாதிரி. நம்ம புல்லட் அந்த வரம்பை 1984-லயே தாண்டிடுச்சு!

அப்போ வெளிநாட்ல மட்டும் எப்படிக் கிடைக்குது? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கிளாசிக் கார்களுக்குன்னே கடன் கொடுக்கிற நிறுவனங்கள் இருக்கு. அங்கே இந்த வண்டிகளை அடிக்கடி ஏலம் விடறாங்க, எந்த மாடல் என்ன விலைக்குப் போச்சுன்னு வெளிப்படையான பதிவு இருக்கு. ஹேகர்ட்டி மாதிரி நிறுவனங்கள் மாடல் வாரியா விலைப் பட்டியலே வெளியிடறாங்க. இன்சூரன்ஸ் கம்பெனியும் உரிமையாளரும் முன்கூட்டியே பேசி ஒரு விலையை ஒப்புக்கொண்டு பாலிசி போட்டுக்கலாம். கடன் கொடுக்கிறவருக்கு "இது திரும்ப வித்தா இவ்வளவு வரும்"னு ஒரு நம்பிக்கை கிடைக்குது.

நம்ம ஊர்ல அந்த மூணும் பலவீனம். விலைங்கிறது ரெண்டு வண்டிப் பைத்தியங்களுக்கு நடுவில் போன்ல பேசி முடியற விஷயம். அதை எந்த பேங்க் மேனேஜரும் ஃபைல்ல எழுத முடியாது.

ஒரே வண்டிக்கு மூணு விலை

இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

முதல் விலை, ஆசைப்படறவர் கொடுக்கிற விலை. ஒரிஜினல் டேங்க், ஒரிஜினல் அமல் கார்புரேட்டர், ஆர்.சி.யில் இருக்கிற அதே எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர். இதெல்லாம் அப்படியே இருந்தா விலை ஏறும். ஆனா அந்த விலையைக் கொடுக்கிற ஆள் நாளைக்கே வருவாரா, ஆறு மாசம் கழிச்சு வருவாரான்னு சொல்ல முடியாது.

ரெண்டாவது, இன்சூரன்ஸ் விலை. பாலிசியில் ஐ.டி.வி.ன்னு ஒரு தொகை இருக்கும், பார்த்திருப்பீங்க. புது வண்டிக்கு முதல் ஆறு மாசத்துல 5 சதவீதம் கழிப்பாங்க. அப்படியே கழிச்சுக்கிட்டே வந்து, நாலு வயசைத் தாண்டி அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற வண்டிக்கு 50 சதவீதம். அஞ்சு வருஷத்துக்கு மேல போனா, கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு பண்ற தொகை. நடைமுறையில் அது ரொம்பக் குறைவா இருக்கும். நிறைய பழைய வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான் இருக்கு. அப்படின்னா வண்டி திருடு போனாலோ தீப்பிடிச்சாலோ உங்களுக்கு ஒரு பைசா வராது.

இதுல ஒரு வேடிக்கையும் உண்டு. நம்ம பழைய மோட்டார் டாரிஃப் விதிகள்ல, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விலைக்கு பாலிசி போடற சலுகை வின்டேஜ் கார்களுக்கு மட்டும்தான் இருந்தது. வின்டேஜ்னா, 1940 டிசம்பர் 31-க்கு முன்னாடி தயாரான கார்னு அங்கே அர்த்தம். உங்க தாத்தாவோட அம்பாசடர் அந்தக் கணக்கில் வராது. அம்பாசடரே ஐம்பதுகள்லதான் வந்தது!

மூணாவது, கடன் கொடுக்கிறவர் போடற விலை. "நாளைக்குக் காலையில் அவசரமா வித்தா என்ன வரும்?" அதில் பாதி, அல்லது அதுக்கும் கீழே. பெரியப்பா வண்டிக்கு 60,000-ம்தான் கொடுத்தாங்க, 1,40,000 இல்லை.

இப்போ இந்த ஒரு வரியை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. பேங்க் வேண்டாம்னு தள்ளிவிட்ட பொருளை ஒருத்தர் ஆசையா வாங்கி வெச்சுக்கறார்னா, அவர் வட்டியைப் பார்க்கலை, வண்டியைப் பார்க்கிறார். நீங்க ஒழுங்கா கட்டறதைவிட, கட்டாம விடறதுதான் அவருக்கு லாபம்.

50 வயசு ஆனா வின்டேஜ்: அதனால கடன் சுலபமா கிடைக்குமா?

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வண்டிகளுக்குன்னு தனிப் பிரிவு சேர்த்தாங்க. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டின, வணிகப் பயன்பாட்டில் இல்லாத டூ வீலரும் ஃபோர் வீலரும் இதில் வரும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதையும் பெரிசா மாத்தியிருக்கக் கூடாது. புதுசா பதிவு பண்ண 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு பத்து வருஷத்துக்குச் செல்லும். ஏற்கனவே நம்பர் இருக்கிற வண்டி அந்தப் பழைய நம்பரையே வெச்சுக்கலாம். புதுசா பதிவாகிற வண்டிக்கு மாநில எழுத்துக்குப் பின்னாடி "வி.ஏ."ங்கிற எழுத்துகளோட நம்பர் கிடைக்கும்.

கௌரவம்தான். ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. இப்படிப் பதிவான வண்டியை தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிப்புக்குப் போக. இந்த மாதிரி காரியங்களுக்கு மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். அதனால கடன் கொடுக்கிறவர் பார்வையில் இது இன்னும் குறைஞ்ச பேர் வாங்கக்கூடிய பொருளா ஆகிடுது. சேகரிக்கிறவர் கண்ணில் மதிப்பு கூடலாம். கடன் மேஜையில் கூடும்னு எதிர்பார்க்காதீங்க.

50 ஆகாத வண்டிகளுக்கு வழக்கமான விதிதான். பதிவு முடிஞ்ச 15 வருஷத்துக்கு அப்புறம், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஃபார்ம் 25 கொடுத்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்ட்டில் கட்டணத்தை ஏத்தினாங்க. 20 வயசு தாண்டின பைக்குக்கு 2,000 ரூபாய், காருக்கு 10,000 ரூபாய். நம்ம மாநிலத்தில் பசுமை வரி தனி. ஆர்.சி. காலாவதியான வண்டியை யாரும் முறையா அடமானமா எடுத்துக்க மாட்டாங்க. எடுத்துக்கறவர் முறையானவரா இருக்க மாட்டார்.

ரெண்டு வழி இருக்கு, ரெண்டும் ஒண்ணு இல்லை

வண்டியை வெச்சுக் கடன் வாங்கறதில் ரெண்டு முறை.

ஒண்ணு, ஹைப்போதிகேஷன். வண்டி உங்க வீட்லயே இருக்கும், நீங்க ஓட்டலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஃபார்ம் 34 கொடுத்து, ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பேரை ஏத்துவாங்க. அவர் சம்மதம் இல்லாம நீங்க விக்க முடியாது. கடன் முடிஞ்சதும் ஃபார்ம் 35-ம், கடன் தீர்ந்ததுக்கான என்.ஓ.சி.யும் வாங்கிக் கொடுத்து அந்தப் பேரை நீக்கணும்.

இன்னொண்ணு, அடகு. நகையை வைக்கிற மாதிரி வண்டியையே அவர்கிட்ட விட்டுட்டு வர்றது. இதுக்கும் சட்டம் இருக்கு. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். அதில் உங்களுக்கு இருக்கிற உரிமைகளை இங்கே நல்லா கவனிங்க:

• நீங்க தவணை தவறினாலும், உங்களுக்கு நியாயமான முன்னறிவிப்பு கொடுக்காம அவர் வண்டியை விக்க முடியாது.

• வித்து வந்த பணத்தில் அவருக்குச் சேர வேண்டியது போக, மீதியை உங்ககிட்ட கொடுக்கணும்.

• கெடு தாண்டினாலும், வண்டியை உண்மையிலேயே வித்து முடிக்கிற வரைக்கும் நீங்க பணத்தைக் கட்டி மீட்கலாம். தாமதத்தால் அவருக்கு ஆன செலவையும் சேர்த்துக் கட்டணும், அவ்வளவுதான்.

• வண்டியை அவர் தன் சொந்தப் பொருள் மாதிரி அக்கறையா பார்த்துக்கணும். உங்க அனுமதி இல்லாம ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா, பொறுப்பு அவருடையது.

இவ்வளவு உரிமை இருந்தும் பெரியப்பாவுக்கு ஏன் ஒண்ணுமே உதவலை? இந்தச் சட்டம் அடகு வெச்சவருக்குத்தான். காகிதத்தில் அவர் அடகு வைக்கவே இல்லை. வித்திருந்தார்.

ஃபார்ம் 29, ஃபார்ம் 30: இந்த ரெண்டு எண்களை மறக்காதீங்க

வண்டியை ஒருத்தர் இன்னொருத்தருக்கு விக்கும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கொடுக்கிற படிவங்கள்தான் 29-ம் 30-ம். கடனுக்கும் இந்தப் படிவங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனா நிறைய ஊர்கள்ல "ஃபார்மாலிட்டி"ன்னு சொல்லி, வாங்குறவர் பேர், தேதி எல்லாம் காலியா இருக்கிற இந்தப் படிவங்கள்ல கையெழுத்து வாங்கறாங்க. நாளைக்கு அந்தக் காலி இடத்தில் யார் பேரை வேணும்னாலும் எழுதிக்கலாம்.

ஒரு கேள்வி கேளுங்க. உண்மையிலேயே தன் பணத்துக்குப் பாதுகாப்பு வேணும்னு நினைக்கிறவர் ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் போடச் சொல்லணும். அதுதானே அவருக்கு நல்ல பாதுகாப்பு? அதை ஏன் தவிர்க்கிறார்? ஹைப்போதிகேஷன் போட்டா அவர் கடன் கொடுத்தவர் ஆகிறார். 29, 30 கையில் இருந்தா அவர் வண்டிக்குச் சொந்தக்காரர் ஆகிறார்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. குடோன்ல இருக்கிற உங்க வண்டியை அவரோட ஆள் ஒருத்தர் எடுத்துட்டுப் போய் யார் மேலயாவது மோதிட்டா? வண்டியோட பதிவுச் சான்றில் யார் பேர் இருக்கோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்புன்னு 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அந்த வழக்கில் வண்டி பல கை மாறியிருந்தது, ஆனா பதிவு மட்டும் மாறலை. முறையான ஒப்பந்தம் இல்லாம வண்டியை விட்டுட்டு வந்தா, விபத்து நடந்த அன்னைக்கு நோட்டீஸ் உங்க வீட்டு வாசலுக்குத்தான் வரும். இன்சூரன்ஸும் காலாவதியாகி இருந்தா, அந்தத் தொகை உங்க கையில் இருந்துதான் போகணும்.

வட்டிக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்

ரெண்டு லட்சம் ரூபாய் தேவைன்னு வெச்சுக்குவோம்.

நூத்துக்கு மூணு வட்டின்னா மாசம் 6,000 ரூபாய். ஒரு வருஷத்தில் 72,000 ரூபாய் கட்டியிருப்பீங்க. அசல் ரெண்டு லட்சம் அப்படியே நிக்கும்.

"அதெல்லாம் பழைய ஸ்டைல் சார், நாங்க இ.எம்.ஐ. போட்டுத் தர்றோம், வெறும் ரெண்டு பர்சென்ட்"னு சொல்றவங்க இருக்காங்க. கேட்க நல்லா இருக்கும். இரண்டு வருஷத்துக்கு வட்டி 96,000. அசலோட சேர்த்து 2,96,000. அதை 24-ஆல வகுத்தா மாசம் 12,333 ரூபாய். இதுதான் ஃபிளாட் வட்டி. மாசா மாசம் நீங்க அசலைக் குறைச்சுக்கிட்டே வந்தாலும், வட்டி மட்டும் முழு ரெண்டு லட்சத்துக்கும் போடறாங்க. குறையும் அசலுக்கு வட்டி போடற முறையில் கணக்குப் பார்த்தா இது வருஷத்துக்கு 24 சதவீதம் இல்லை, ஏறக்குறைய 41 சதவீதம்!

அதே ரெண்டு லட்சத்துக்கு நகைக் கடன் வருஷம் 10 சதவீதம்னு வெச்சா வட்டி 20,000. பர்சனல் லோன் 16 சதவீதத்தில் ஒரு வருஷத்துக்கு எடுத்து மாசா மாசம் அசலோட கட்டினா, மொத்த வட்டி சுமார் 17,800. உங்க ஸ்கோரைப் பொறுத்து இந்த சதவீதம் கூடலாம், குறையலாம். ஆனா வித்தியாசம் எவ்வளவு பெரிசுன்னு தெரியுது இல்லையா?

ஆர்.பி.ஐ. 2024 அக்டோபர் 1-லிருந்து ஒரு விதி கொண்டு வந்திருக்கு. பேங்கும் என்.பி.எஃப்.சி.யும் தனிநபர் கடன் கொடுக்கும்போது, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான வருட வட்டியைக் காட்டற ஒரு முக்கிய விவரத் தாளைக் கட்டாயம் கொடுக்கணும். "கே.எஃப்.எஸ். கொடுங்க"ன்னு கேளுங்க. கொடுக்கலைன்னா எழுந்து வந்திடுங்க. தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாம் தமிழ்நாட்டில் 2003-ம் வருஷச் சட்டப்படி குற்றம்ங்கிறதும் தெரிஞ்சிருக்கட்டும்.

வேற வழியே இல்லை, வண்டியைத்தான் வைக்கணும்னா

சில நேரம் ஆஸ்பத்திரி செலவு மாதிரி அவசரம் வரும். அப்போ இதையெல்லாம் வரிசையா செய்யுங்க.

1. ஆர்.சி. யார் பேர்ல இருக்குன்னு முதல்ல பாருங்க. பழைய வண்டிகள்ல பாதி, காலமான அப்பா பேர்லயோ தாத்தா பேர்லயோ தான் இருக்கும். வாரிசுச் சான்றிதழோட ஃபார்ம் 31 கொடுத்து உங்க பேருக்கு மாத்தணும். அப்பா காலமானா மூணு மாசத்துக்குள்ள செய்ய வேண்டிய வேலை இது. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி இருந்தா அவங்க சம்மதமும் வேணும். நாளைக்கு "அப்பா வண்டியை நீ எப்படி வெச்சே?"ன்னு கேட்டா, அது கடனைவிடப் பெரிய பிரச்சினை.

2. பழைய ஆர்.சி. புக் விவரம் பரிவாஹன் கணினிப் பதிவில் ஏறியிருக்கான்னு பாருங்க. ஏறலைன்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லி ஏத்துங்க. எஞ்சின் மாத்தியிருந்தா அதையும் பதியணும்.

3. கடன் கொடுக்கிற நிறுவனம் ஆர்.பி.ஐ. பட்டியலில் இருக்கான்னு ஆர்.பி.ஐ. இணையதளத்தில் தேடுங்க.

4. ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் போடச் சொல்லி நீங்களே கேளுங்க. 29, 30-ல் கையெழுத்துப் போடவே போடாதீங்க. காலி செக், காலி பத்திரம் எதுவும் வேண்டாம்.

5. பணத்தை அக்கவுன்ட்டில் வாங்குங்க. 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கடனை ரொக்கமா வாங்கறதை வருமான வரிச் சட்டம் தடுக்குது. அதைவிட முக்கியம், வாங்கினது கடன்தான், விற்பனைப் பணம் இல்லைன்னு காட்ட பேங்க் ஸ்டேட்மென்ட்தான் உங்களுக்கு இருக்கிற சாட்சி. வட்டியையும் அப்படியே அனுப்புங்க.

6. வண்டியை அவர்கிட்ட விட வேண்டி வந்தா, விடற அன்னைக்கே வீடியோ எடுங்க. எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், கிலோமீட்டர், கார்புரேட்டர், டேங்க், ஹெட்லைட், மீட்டர் எல்லாம் தெரியணும். பழைய வண்டியோட மதிப்பே ஒரிஜினல் பாகத்தில்தான் இருக்கு. குடோன்ல நிக்கும்போது கார்புரேட்டர் மாறிட்டா நீங்க எதை வெச்சு நிரூபிப்பீங்க? பட்டியல் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க.

7. பெட்ரோலைக் காலி பண்ணி, பேட்டரியைக் கழட்டி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்துங்க. மாசக்கணக்கில் அசையாம நின்னா டேங்குக்குள்ள துரு பிடிக்கும், கார்புரேட்டர் அடைச்சுக்கும், டயர் ஒரே பக்கம் அமுங்கிடும், எஞ்சின் ஜாம் ஆகும். மாசம் ஒரு தடவை வந்து பார்க்க அனுமதி உண்டுன்னு ஒப்பந்தத்தில் எழுதிக்கோங்க.

8. இன்சூரன்ஸ் விடாம இருக்கணும். ஓட்டாத வண்டிக்கு எதுக்குன்னு நினைக்காதீங்க. மேலே சொன்ன விபத்துக் கதையை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கடனைக் கட்டி முடிச்சதும் வேலை முடியலை. பேங்க், என்.பி.எஃப்.சி. கடன்னா, முழுசா கட்டின 30 நாளுக்குள்ள ஒரிஜினல் ஆவணங்களைத் திருப்பிக் கொடுக்கணும், பதிவான பொறுப்பையும் நீக்கணும். அவங்க பக்கத் தவறால் தாமதமானா ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் உங்களுக்குத் தரணும். 2023 டிசம்பர் 1-லிருந்து இந்த ஆர்.பி.ஐ. விதி நடைமுறையில் இருக்கு. இழுத்தடிச்சா, முதல்ல அந்த நிறுவனத்துக்கே எழுத்துப்பூர்வமா புகார் கொடுங்க. தீரலைன்னா ஆர்.பி.ஐ. ஆம்பட்ஸ்மேனுக்குப் போங்க. உதவி எண் 14448.

வண்டியைத் தொடறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பார்த்தீங்களா?

நகை இருந்தா நகைதான் முதல். தங்கத்துக்கு தினமும் ஊரறிஞ்ச விலை இருக்கு. அதனாலதான் அதுக்கு வட்டி குறைவு. சின்னக் கடன்களுக்கு நகை மதிப்பில் கூடுதல் பங்கு கொடுக்க ஆர்.பி.ஐ. 2025-ல் விதியை மாத்தியிருக்கு. 2026 ஏப்ரல் 1-லிருந்து, இரண்டரை லட்சம் வரைக்குமான கடன்களுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம்.

ஃபிக்ஸட் டெபாசிட் இருந்தா உடைக்க வேண்டாம். அதை வெச்சே கடன் கிடைக்கும். வட்டி பொதுவா டெபாசிட் வட்டியைவிட ஒண்ணு ரெண்டு சதவீதம்தான் அதிகம். பழைய எல்.ஐ.சி. பாலிசி இருந்தா அதோட சரண்டர் மதிப்பை வெச்சும் கடன் உண்டு.

இது எதுவுமே இல்லை, வண்டி மட்டும்தான் இருக்கு, திருப்பிக் கட்ட வருமானமும் உறுதியா தெரியலைன்னா? கசப்பா இருக்கும், ஆனா சொல்றேன். வித்துடுங்க. அவசரமில்லாம, நாலு பேர்கிட்ட விலை கேட்டு, பழைய வண்டி கிளப்புகள்ல சொல்லி வெச்சு, நல்லா பார்த்துக்கிற ஒருத்தருக்கு முறையா வித்துடுங்க. சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த வண்டியை வித்தா பொதுவா மூலதன ஆதாய வரியும் வராது. ரொக்கமா ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ வாங்காதீங்க. ஆர்.சி. பெயர் மாத்தம் முடிஞ்சுதான்னு நீங்களே சரிபாருங்க. நீங்களா வித்தா விலையை நீங்க சொல்றீங்க. கட்ட முடியாம விட்டா, விலையை வேற ஒருத்தர் சொல்றார்.

கடைசியா ஒண்ணு

பெரியப்பா வீட்டு பீரோவில் அன்னைக்கு பெரியம்மாவோட அஞ்சு பவுன் சங்கிலி இருந்தது. அதை பேங்க்ல வெச்சிருந்தா 60,000 சுலபமா கிடைச்சிருக்கும், வட்டியும் மூணுல ஒரு பங்குக்குக் கீழேதான் வந்திருக்கும். ஏன் வைக்கலைன்னு ரொம்ப நாள் கழிச்சு அவர்கிட்ட கேட்டேன்.

"சங்கிலி கழுத்துல இல்லைன்னா நாலு பேர் கேப்பாங்கடா. வண்டி இல்லைன்னா மெக்கானிக்கிட்ட விட்டிருக்கேன்னு சொல்லிக்கலாம்னு நினைச்சேன்"னார்.

பெரியம்மாவுக்கே விஷயம் தெரியாது. வண்டி ரிப்பேர்ல இருக்குன்னு ஒரு வருஷம் நம்பிக்கிட்டு இருந்தாங்க. தெரிஞ்சப்போ அவங்க சொன்னது, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே கழட்டிக் கொடுத்திருப்பேனே."

மறைக்கிறதுக்காக எடுக்கிற கடன்தான் எப்பவும் அதிக வட்டிக்குப் போய் முடியுது. அது வண்டியா இருந்தாலும் சரி, லோன் ஆப்பா இருந்தாலும் சரி. எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியும் வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லிடுங்க. அதுக்கு வட்டி கிடையாது.

உங்க வீட்லயும் ஒரு பழைய வண்டி நிக்குதுன்னா, இன்னைக்கே ஆர்.சி.யை எடுத்து மூணு விஷயம் பாருங்க. யார் பேர்ல இருக்கு, எதுவரைக்கும் செல்லும், தீர்ந்துபோன கடனோட ஹைப்போதிகேஷன் இன்னும் நீக்காம இருக்கா. ஃபார்ம் 29, 30, 34, 35 எப்படி இருக்கும்னு படத்தோட காட்டி நம்ம சேனல்ல ஒரு வீடியோ போடறேன். வண்டி வெச்சிருக்கிற நண்பர்களுக்கு இந்தக் கட்டுரையை அனுப்பி வையுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்.